வெட்டுக்கிளி முட்டை எப்போது பொரியும்? கணக்கு பிசகும்போது எங்கே பார்ப்பது

இது ஆஸ்திரேலியக் கொள்ளை வெட்டுக்கிளியைப் பற்றியது. அறிவியல் பெயர் கோர்டோய்செட்டிஸ் டெர்மினிஃபெரா. தெற்கு நியூ சவுத் வேல்ஸ், வடக்கு விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய கோதுமை, ஆட்டுப்பண்ணைப் பகுதிகளில் இது கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும், அதாவது பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும், மண்ணுக்குள் முட்டையிடும். அந்த முட்டைகள் குளிர்காலத்தை மண்ணிலேயே கழித்துவிட்டு, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ பொரியும். நம் ஊர் மாதக் கணக்கில் படிப்பவர்கள் கோடையையும் குளிரையும் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பொரியும் நாள் ஏன் முக்கியம்? குஞ்சு தோலுரித்துத் தோலுரித்து வளரும், ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட கட்டத்தைப் பருவம் என்கிறேன். முதல் பருவத்தில் குஞ்சுகள் புல்லுக்குள் சிதறிக் கிடக்கும். இரண்டாம், மூன்றாம் பருவத்தில்தான் ஒன்றுகூடி, கம்பளம் நகர்வதுபோல் பட்டையாக நடக்கத் தொடங்கும். மருந்தடிக்க அதுதான் சமயம். ஐந்தாம் பருவம் முடிந்து இறக்கை முளைத்தால் ஒரே இரவில் சில நூறு கிலோமீட்டர் போய்விடும், அப்புறம் அது வேறு யாருடைய பிரச்சினையோ ஆகிவிடும். கோடையில் குஞ்சு பெரிதாக 20, 25 நாள் போதும். வசந்தக் குளிரில் ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். நமக்குக் கிடைப்பது அவ்வளவு அவகாசம்தான், அதில் ஒரு வாரத்தைக் கணக்குப் பிழையால் இழந்தால் வலிக்கும்.

கணக்கு எளிமையானது. முட்டைக்குள் இருக்கும் கரு ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழே வளராது. அதற்கு மேல் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக வளரும். மண் ஒரு நாள் முழுக்க 20 டிகிரியில் இருந்தால் அன்றைக்கு 5 டிகிரி-நாள் வரவு. இப்படி வரவு சேர்ந்து ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டதும் பொரியும். எக்செல்லில் நாலு நெடுவரிசை போதும். ஆனால் இந்த எளிய கணக்கு ஒரு மாதம்கூடத் தப்பும். நான் பார்த்த வரையில் சூத்திரம் தப்பாக இருந்த சந்தர்ப்பம் குறைவு. எந்த நாளில் எண்ணத் தொடங்கினோம், அன்றைக்குக் கரு எந்த நிலையில் இருந்தது, அதன் தலைக்கு மேல் இருந்த மண்ணின் சூடு என்ன, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் கோளாறு.

இரண்டு சொற்களை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உறக்கம் என்று நான் சொல்வது கருவே தன்னை நிறுத்திக்கொள்வது. சூடாக இருந்தாலும் வளராது. முடக்கம் என்று சொல்வது வெளியிலிருந்து வருவது: குளிர், அல்லது ஈரமின்மை. தடை நீங்கியதும் உடனே வளரத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணக்கில் இரண்டும் நேர் எதிர்.

கணக்கு ஏப்ரலிலேயே பொரிந்துவிடும் என்கிறது, வயலில் ஒன்றும் இல்லை

இதுதான் முதல் ஆண்டு எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். முட்டையிட்ட நாளை மார்ச் 10 என்று போட்டேன், மண் வெப்பநிலையை இழுத்துவிட்டேன், எக்செல் ஏப்ரல் முதல் வாரத்தைக் காட்டியது. பண்ணைக்காரர் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினார். அவர் அங்கே நாற்பது வருடமாக இருக்கிறார், ஏப்ரலில் குஞ்சு வராது என்று அவருக்குத் தெரியும்.

நடப்பது இதுதான். பகல் நேரம் குறைந்துகொண்டே போவதைத் தாய் வெட்டுக்கிளி உணர்கிறது. அதற்கேற்ப, இடும் முட்டையிலேயே உறக்கத்தை வைத்து அனுப்புகிறது. அந்த முட்டை மார்ச் வெயிலில் வழக்கம்போல வளரத் தொடங்கும். ஆனால் வளர்ச்சி பாதியை எட்டுவதற்குச் சற்று முன் நின்றுவிடும். அதற்குப் பிறகு இலையுதிர் காலத்தில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அது வரவில் சேராது. பல வாரக் குளிர் பட்ட பிறகுதான் உறக்கம் கலையும். குளிர்காலத்தின் நடுப்பகுதி தாண்டியதும் பெரும்பாலான முட்டைகள் உறக்கத்திலிருந்து வெளியே வந்திருக்கும். ஆனால் அப்போது மண் குளிர்ந்து கிடப்பதால் முடக்கத்தில் இருக்கும்.

எனவே சரிசெய்வது எளிது: இலையுதிர் கால வரவைப் பாதிக்குச் சற்றுக் குறைவான ஓர் எண்ணில் பூட்டுங்கள். எவ்வளவு சேர்ந்தாலும் அதற்கு மேல் ஏறக்கூடாது. பூட்டை ஆகஸ்டு தொடக்கத்தில் திறங்கள்.

கணக்கு நவம்பர் என்கிறது, குஞ்சு அக்டோபர் முதல் வாரமே வந்துவிட்டது

முந்தைய தவறைத் திருத்தப் போய் எதிர்த் தவறில் விழுபவர்கள் அதிகம். இலையுதிர் கால வரவை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டு, ஆகஸ்டு 1-இல் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கி, முழுத் தொகையையும் எதிர்பார்ப்பார்கள். முட்டை அப்போது பூஜ்ஜியத்தில் இல்லை. பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டது.

எண் வைத்துப் பார்த்தால் புரியும். முழு வளர்ச்சிக்கு 220 டிகிரி-நாள் என்று வைத்துக்கொள்வோம். கரு 100-இல் நின்று உறங்கியது. மீதி 120. செப்டம்பரில் நாளொன்றுக்கு 3 டிகிரி-நாள் கிடைத்தால், 120-க்கு 40 நாள். 220-ஐ எதிர்பார்த்தால் 73 நாள். ஒரு மாதத்துக்கு மேல் வித்தியாசம். இந்த 220 உங்கள் வயலுக்குச் சரியான எண் என்று நான் சொல்லவில்லை, கணக்கைக் காட்ட வைத்தது. உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கும் வழி கீழே வருகிறது. வேறு நாட்டு, வேறு இன வெட்டுக்கிளிக்கு யாரோ போட்ட எண்ணைக் கடன் வாங்கி வைப்பதைவிட அது நல்லது.

தொடக்கப் புள்ளி சரியாக இருந்தும் கணக்கு பிந்துகிறதா? அப்படியானால் சராசரியைப் பாருங்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து 15-ஐக் கழிப்பதுதான் பலரும் செய்வது. ஆகஸ்டில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் பகலில் 20, விடியலில் 6 என்றால் சராசரி 13. 15-க்குக் கீழே. அந்த நாளுக்கு வரவு பூஜ்ஜியம் என்று எக்செல் எழுதிவிடும். உண்மையில் மத்தியானத்திலிருந்து மாலை வரை மண் 15-க்கு மேலேதான் இருந்தது, கரு அந்த நேரத்தில் வளர்ந்தது. நாளின் ஏற்ற இறக்கத்தை அலை வடிவமாக எடுத்துக் கணக்கிட்டால் அதே நாளுக்கு சுமார் 1.3 டிகிரி-நாள் வரும். ஒன்றரைகூட இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஆகஸ்டின் 31 நாளுக்கும் சேர்த்தால் 41. மீதி வேண்டியதே 120 என்னும்போது, அதில் மூன்றில் ஒரு பங்கைச் சராசரி விழுங்கிவிட்டது.

இன்னொரு நாள்: பகலில் 24, விடியலில் 8. சராசரி 16, வரவு 1. அலைவடிவக் கணக்கில் 3-க்குச் சற்று மேல். மண் சூடேறச் சூடேற இந்த இடைவெளி குறைந்துகொண்டே போகும். விடியல் வெப்பநிலையே 15-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும். அதனால்தான் கோடை முட்டைக்கு நன்றாக வேலை செய்த எக்செல் வசந்த முட்டைக்குக் காலை வாரிவிடுகிறது. மணிக்கொருமுறை மண் வெப்பநிலையைத் தானே பதிவுசெய்யும் கருவி, அதாவது லாக்கர், இருந்தால் அலைவடிவம், கிலைவடிவம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மணிக்கும் 15-க்கு மேல் உள்ளதை எடுத்து, கூட்டி, 24-ஆல் வகுத்தால் முடிந்தது.

மூன்றாவது சந்தேகம், வெப்பநிலை எங்கிருந்து வந்தது என்பது. வானிலை நிலையத்தின் காற்று வெப்பநிலை, தரைக்கு ஒரு மீட்டருக்கு மேலே வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் எடுத்தது. வெட்டுக்கிளி முட்டையிடுவது வண்டித்தடத்திலும், வேலியோரத்திலும், கல் மேட்டிலும், ஆடு மேய்ந்து மொட்டையான தரையிலும். நல்ல வெயில் நாளில் அந்தத் தரையின் மேல் சில சென்டிமீட்டர் காற்றைவிட நன்றாகவே சூடேறும். காற்றை வைத்து எண்ணினால் பிந்தத்தான் செய்யும்.

சரி, மண் வெப்பநிலையே கிடைக்கிறது என்றால் அது எந்த நேரத்தில் எடுத்தது என்று பாருங்கள். ஆஸ்திரேலிய வானிலை நிலையங்களில் மண் வெப்பநிலையைக் காலை 9 மணிக்குப் படிக்கும் வழக்கம் உண்டு. 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சூடு இறங்கச் சில மணி நேரம் ஆகும். அந்த ஆழத்தில் உச்சம் பிற்பகலின் பிற்பாதியில்தான் வரும். காலை 9 மணி என்பது அங்கே ஏறக்குறைய அன்றைய மிகக் குளிர்ந்த நேரம். அந்த ஒரே எண்ணை நாள் சராசரியாக எடுத்துக்கொண்ட ஒரு நண்பரின் கணக்கு மூன்று வாரம் பிந்தியது. தெர்மாமீட்டர் பழுது என்று அவர் இரண்டாவது ஒன்றும் வாங்கினார்.

மிகவும் முன்பே வந்துவிட்டது: ஆகஸ்டிலேயே குஞ்சு

எந்தக் கணக்கும் ஆகஸ்டை எட்டவில்லை, ஆனால் தெற்கில் ஆகஸ்டு கடைசியில் குட்டிக் குஞ்சுகள் துள்ளுகின்றன என்றால், கணக்கை மூடிவிட்டுப் பூச்சியைப் பாருங்கள். அது வேறு இனமாக இருக்கலாம். ஆஸ்ட்ரோய்செட்டிஸ் குரூசியேட்டா என்ற சிறிய கொள்ளை வெட்டுக்கிளி இதே நிலங்களில் உண்டு. அதன் முட்டை வசந்தத்தின் கடைசியிலேயே இடப்பட்டு, கோடை முழுவதும் உறங்கி, குளிர் பட்டு எழுந்து, சீக்கிரமே பொரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை. நம் வெட்டுக்கிளிக்கான கணக்கு அதற்குத் துளியும் பொருந்தாது.

முதல் பருவக் குஞ்சில் இனத்தைப் பிரிப்பது கடினம். வளர்ந்த வெட்டுக்கிளியில் சுலபம்: பின் இறக்கையின் நுனியில் கருப்புப் புள்ளி, பின்னங்காலின் கீழ்ப்பகுதியில் சிவப்பு, கழுத்துக்குப் பின்னே பெருக்கல் குறிபோல் ஒரு அடையாளம். அதனால் மார்ச்சிலேயே, முட்டையிடும்போதே, யார் இட்டது என்று பார்த்து எழுதி வைப்பது நல்லது. இனத்தை மாற்றிப் புரிந்துகொள்வது ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியதல்ல. 2020 மே மாதம் கிருஷ்ணகிரியில் எருக்கஞ்செடிகளில் மொய்த்த வெட்டுக்கிளிகளைப் பார்த்து, வடநாட்டுக்குள் வந்த பாலைவன வெட்டுக்கிளிதான் இங்கேயும் வந்துவிட்டது என்று ஊரே பதறியது. அவை உள்ளூர் எருக்கு வெட்டுக்கிளிகள். சொல்லப்போனால் அந்தப் பாலைவன வெட்டுக்கிளியின் முட்டைக்கு உறக்கமே கிடையாது, ஈரமும் சூடும் இருந்தால் நேராக வளர்ந்து பொரிந்துவிடும். எனவே 2020-இல் படித்த கட்டுரைகளில் உள்ள எண்களை இங்கே கொண்டுவராதீர்கள்.

நாள் கடந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, ஒன்றும் காணோம்

இந்த இடத்தில் எக்செல்லை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை. மண்வெட்டி எடுங்கள்.

முட்டைத்திட்டு, அதாவது பல முட்டைக்கூடுகள் நெருக்கமாக இருக்கும் இடம், மார்ச்சிலேயே குறிக்கப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. குறிக்கவில்லை என்றால், தரையின் மேல் ஓர் அடுக்கை மண்வெட்டியால் மெல்லச் சீவுங்கள். முட்டைக்கூட்டின் மேல் முனையை அடைக்கும் நுரை காய்ந்து, சிறு வட்டமாகத் தெரியும். ஐபிஸ் பறவைகள் ஓரிடத்தில் கூட்டமாக நின்று தரையைக் குத்திக்கொண்டிருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். நம் அரிவாள்மூக்கனின் உறவு அது. அங்குள்ள விவசாயிகள் வைக்கோல் கழுத்து ஐபிஸை உழவனின் தோழன் என்றே சொல்வார்கள்.

கூட்டை உடைக்காமல் மண்கட்டியோடு எடுங்கள். மேலே எது, கீழே எது என்று குறித்துக்கொள்ளுங்கள், இது பின்னால் உதவும். ஒரு கூட்டில் 30 முதல் 50 முட்டை வரை இருக்கும். ஒவ்வொன்றும் நீண்ட அரிசி மணி அளவில், கொஞ்சம் வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். ஒரே ஒரு கூட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். திட்டின் நாலு மூலையிலிருந்தும் எடுங்கள்.

முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். புடைத்து விறைப்பாக இருந்தால் ஈரம் குடித்திருக்கிறது. குழி விழுந்து சுருங்கியிருந்தால் குடிக்கவில்லை. வெட்டுக்கிளி முட்டை இட்ட நிலையில் முழுமையானதல்ல, மண்ணிலிருந்து ஏறக்குறையத் தன் எடையளவு தண்ணீரை உறிஞ்சினால்தான் கரு மேலே வளரும். மார்ச்சில் இட்டதும் மழை இல்லாமல் போயிருந்தால், கரு உறங்கும் கட்டத்தைக்கூட எட்டாமல் ஆரம்பத்திலேயே முடங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட திட்டுக்கு 'பாதி வழி வந்துவிட்டது' என்ற கணக்கு செல்லாது. தெற்கில் குளிர்காலம் மழைக்காலம் என்பதால் இது அடிக்கடி நடப்பதில்லை. உள்நாட்டு வறண்ட பகுதியிலும் குயின்ஸ்லாந்திலும் ஈரம்தான் முதல் கேள்வி.

அடுத்து ப்ளீச். வீட்டில் துணிக்குப் போடும் ப்ளீச்சையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, முட்டைகளை அதில் சில நிமிடம் போட்டு வையுங்கள். மேல் ஓடு கரைந்து, உள்ளே இருக்கும் கரு கண்ணாடிக்குள் தெரிவதுபோல் தெரியும். தண்ணீரில் அலசிவிட்டு கைலென்ஸில் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

இப்போது கண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வெட்டுக்கிளிக் கரு வளர்ச்சியின் நடுவில் ஒரு குட்டிக்கரணம் அடிக்கும். அதற்கு முன் தலை முட்டையின் கீழ் முனையில், கூட்டின் அடியைப் பார்த்து இருக்கும். அதற்குப் பிறகு தலை மேல் முனைக்கு வந்து, வெளியே போகத் தயாரான வாக்கில் இருக்கும். உறக்கம் பிடிப்பது இந்தக் குட்டிக்கரணத்துக்குச் சற்று முன்தான். ஆகவே கருங்கண் கீழே இருந்தால் கரு இன்னும் உறங்குகிறது, அல்லது உறக்கம் கலைந்து குளிரில் முடங்கியிருக்கிறது. கண் மேலே வந்துவிட்டால் உறக்கம் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள், இனி வெறும் சூட்டுக் கணக்குதான். கால்மடிப்பும் வயிற்று வளையங்களும் தெளிவாகத் தெரிந்தால் நாட்கள்தான் பாக்கி. மேலே கீழே குறித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். முதல்முறை குறிக்காமல் எடுத்துவிட்டு, ஒரு மாலை முழுவதும் எந்த முனை எது என்று நான் முழித்தேன்.

கண் கீழே இருக்கும் முட்டை உறங்குகிறதா, முடங்கியிருக்கிறதா? இதற்குப் பெட்டிச் சோதனை. இன்னொரு கூட்டை, ப்ளீச்சில் போடாததை, ஈர மணல் உள்ள மூடிய டப்பாவில் வைத்து, 30 டிகிரி சீராக இருக்கும் இடத்தில் வையுங்கள். மூடியில் சில ஊசித்துளைகள் போதும். மணல் சொட்டச் சொட்ட நனைந்திருக்கக் கூடாது, கையில் பிடித்தால் ஒட்டினால் போதும். நாளை எண்ணுங்கள். எட்டாம் நாள் பொரிந்தால், 30-இல் 15 போக 15, அதை 8-ஆல் பெருக்கினால் 120. எடுத்த நாளில் அந்த முட்டைக்கு இன்னும் 120 டிகிரி-நாள் தேவைப்பட்டது. எந்தக் கட்டுரையிலும் தேட வேண்டாம், உங்கள் வயலின் எண் கையில் இருக்கிறது. இதை வயல் லாக்கரின் வரவோடு கோத்தால் கணக்கு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்.

மூன்று வாரம் ஆகியும் முட்டை புடைத்தபடியே பொரியாமல் இருந்தால் அது இன்னும் உறக்கத்தில் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் எடுத்த முட்டையில் இப்படி வருவது இயல்பு. செப்டம்பரில் எடுத்ததில் வந்தால் நான் ஆச்சரியப்படுவேன். பெட்டியின் வெப்பநிலை உண்மையில் எவ்வளவு என்று முதலில் பார்ப்பேன். பழைய ஃபிரிட்ஜுக்குள் பல்பு வைத்துச் செய்த பெட்டி என்றால் மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் அஞ்சு டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

உயிருள்ள முட்டைதான், விழித்தும் இருக்கிறது, ஆனால் இன்னும் தாமதம் என்றால் பழி வானத்தின் மேல். ஈர மண் சூடேற நேரமாகும், மேகம் வேறு. 2010-இல் இப்படித்தான். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் தென்கிழக்கு முழுக்கப் பெருமளவில் முட்டையிடப்பட்டு, வசந்தத்தில் பெரும் கட்டுப்பாட்டு வேலை நடந்தது. அது வலுவான லா நீனா ஆண்டு, அதாவது பசிபிக் கடல் குளிர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு மழை கூடும் ஆண்டு, நல்ல மழை. இன்னொன்று புல். மார்ச்சில் மொட்டையாக இருந்த தரை, குளிர்கால மழையில் செப்டம்பருக்குள் முழங்கால் உயரப் புல்லாகியிருக்கும். முட்டை அந்த நிழலுக்குக் கீழே இருக்கிறது. உங்கள் லாக்கர் பக்கத்து வண்டித்தடத்தில் வெயில் காய்கிறது. லாக்கரைத் திட்டுக்குள்ளேயே, முட்டை இருக்கும் ஆழத்திலேயே புதையுங்கள்.

தோண்டினால் கூடு இருக்கிறது, முட்டை காலி

இரண்டு சாத்தியம். ஒன்று, பொரிந்து போய்விட்டன, நீங்கள் பார்க்கவில்லை. குஞ்சு முட்டையிலிருந்து புழுபோல் நெளிந்து, நுரை வழியாக மேலே வந்ததும், முதல் வேலையாக ஒரு மெல்லிய தோலை உரிக்கும். திட்டின் மேல் வெள்ளைத் துகள்களாக அந்தத் தோல்கள் கிடக்கும். காற்றும் மழையும் அவற்றைச் சீக்கிரம் அழித்துவிடும், அதனால் காலையில் போய்ப் பார்ப்பது நல்லது. இரண்டாவது, ஸ்கெலியோ குளவி. மிகச் சிறிய கறுப்புக் குளவி, வெட்டுக்கிளி முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். அதிலிருந்து வெளியே வருவது குளவி, வெட்டுக்கிளி அல்ல. பெட்டிச் சோதனை செய்திருந்தால் டப்பாவுக்குள் குளவி பறக்கும்போது தெரிந்துவிடும். அந்த விகிதத்தை எழுதி வையுங்கள். பொரியும் நாளை அது மாற்றாது, எத்தனை குஞ்சு வரும் என்பதை மாற்றும்.

ஒரே பண்ணையில் இரண்டு அலை

முதல் அலை அக்டோபர் தொடக்கத்தில், மருந்தடித்து ஓய்ந்தாயிற்று. மூன்று வாரம் கழித்து மறுபடி பொடிக் குஞ்சுகள். மருந்து வேலை செய்யவில்லை என்று கோபப்படுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை சில உண்டு.

தென் அரைக்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். வடக்கு பார்த்த சரிவு அடுப்படி என்றால் தெற்கு பார்த்த சரிவு நிழல் தாழ்வாரம். ஒரே நாளில் இட்ட முட்டைகள்கூட இரு சரிவுகளிலும் ஒன்றாகப் பொரியாது. மணல் மண்ணும் களிமண்ணும் அப்படியே. இதற்குத் தீர்வு ஒரு லாக்கருக்குப் பதில் இரண்டு லாக்கர், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் சுவாரசியமானது. உறக்கம் தாய் அனுபவித்த பகல் நேரத்தைப் பொறுத்தது என்றேன் அல்லவா? மார்ச்சில் இட்டவை உறங்கும் கட்டம்வரை வளர்ந்து நின்றன. ஏப்ரல் கடைசியில் வடக்கிலிருந்து பறந்து வந்த கூட்டம் இட்டவையோ, உறக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கட்டத்தை எட்டுவதற்குள் குளிர் வந்து முடக்கிவிட்டது. வசந்தத்தில் மார்ச் முட்டைக்கு 120 போதும். ஏப்ரல் முட்டைக்கு 200-கூடத் தேவைப்படலாம். கணக்கில் இவை இரண்டு தனி வரிசைகளாக ஓட வேண்டும். ப்ளீச்சில் போட்டுப் பார்க்கும்போது ஒரே திட்டில் சில முட்டையில் கரு தெளிவாகவும், சிலவற்றில் சின்னக் கோடாகவும் தெரிந்தால் இதுதான் விஷயம்.

இலையுதிர் காலத்திலேயே பொரிந்துவிட்டன

பிப்ரவரி நடுவில், அதற்கு முன்பு இட்டவை என்றால் இது கோளாறே அல்ல. அந்த முட்டைகளுக்கு உறக்கம் இல்லை. ஈரமும் வெயிலும் சேர்ந்தால் கோடையில் இரண்டே வாரத்தில் பொரிந்துவிடும். பிப்ரவரி இறுதியில் உறங்கும் முட்டையும் உறங்காத முட்டையும் கலந்து கிடக்கும், ஒரு பகுதி உடனே பொரிந்தால் மீதி வசந்தத்துக்குக் காத்திருக்கிறது என்று பொருள். 'இங்கே பொரிந்து முடிந்துவிட்டது' என்று அந்தத் திட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். வடக்கே போகப் போக உறக்கத்தின் பங்கு குறையும்.

நாளைச் சொல்லச் சொல்கிறார்கள்

பண்ணைக்காரருக்கு வேண்டியது ஒரு தேதி. ஆகஸ்டு 20-ஆம் தேதி நின்றுகொண்டு ஒரே தேதியைச் சொன்னால் அது ஜோசியம். நேற்றுவரைக்கும் லாக்கரின் உண்மையான வரவு, அடுத்த ஒரு வாரத்துக்கு வானிலை முன்னறிவிப்பு, அதற்கு மேல் பழைய ஆண்டுகள் என்று மூன்று துண்டாக ஒட்டுங்கள். குயின்ஸ்லாந்து அரசின் சிலோ தரவுத்தளத்தில் 1889 முதல் தினசரி வானிலை கிடைக்கிறது. கடைசி 20 ஆண்டுகளை எடுத்து, ஒவ்வொரு ஆண்டின் வசந்தத்தையும் உங்கள் இன்றைய வரவுக்குப் பின்னால் ஒட்டிப் பாருங்கள். அது காற்று வெப்பநிலை என்பதால், உங்கள் லாக்கரோடு ஒப்பிட்டு வரும் வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 20 தேதிகள் வரும். மிக முந்தியது, மிகப் பிந்தியது, நடுவில் உள்ளது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். செப்டம்பர் ஓட ஓட இந்த இடைவெளி தானாகச் சுருங்கும். வாரத்துக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிட்டால் போதும்.

கான்பெராவிலிருந்து இயங்கும் ஆஸ்திரேலியக் கொள்ளை வெட்டுக்கிளி ஆணையம் மாதாந்திர அறிக்கை வெளியிடுகிறது, வட்டார அளவில் எப்போது பொரியும் என்ற மதிப்பீடும் அதில் இருக்கும். அதையும் உங்கள் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் நாலைந்து நாள் விலகினால் பரவாயில்லை, அவர்களுடையது வட்டாரம், உங்களுடையது ஒரு வேலியோரம். மூன்று வாரம் விலகினால் தவறு உங்கள் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே இருந்து திரும்ப வாருங்கள், பூட்டு, சராசரி, காலை 9 மணி என்ற வரிசையில்.

தேதி நெருங்கியதும், நடுத் தேதிக்குப் பத்து நாள் முன்பிருந்து, திட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் போய் வாருங்கள். வெள்ளைத் தோல் கண்ணில் பட்ட அன்றைக்கே தேதியை எழுதி, நியூ சவுத் வேல்ஸ் என்றால் உள்ளூர் நிலச் சேவை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். வெட்டுக்கிளியைக் கண்டால் தெரிவிப்பது அங்கே நில உரிமையாளரின் சட்டப்படியான கடமை. அந்தத் தேதியை எக்செல்லின் கடைசி நெடுவரிசையிலும் போடுங்கள், அடுத்த மார்ச்சில் கணக்கைத் திறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.